புகை மணம் போகாத குசினி: பழைய வீட்டுக்குக் குடிவந்தவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து பூட்டிக் கிடந்த தாய்வீட்டைத் திறப்பவர்கள், கல்யாணம் முடித்துப் புகுந்தவீட்டுக் குசினியைப் பொறுப்பெடுப்பவர்கள் எல்லோரும் முதல் கிழமையிலேயே கேட்பது இதைத்தான்: இந்தப் புகை மணத்தை என்ன செய்வது? அடுப்பு மூட்டி மாதக்கணக்காகியிருக்கும். ஆனாலும் மத்தியான வெயிலில் ஓடு சூடேறியதும் குசினி மணக்கும். மழை இருட்டினால் இன்னும் மணக்கும். அலுமாரியில் மடித்து வைத்த சேலையை எடுத்தால் அதுவும் மணக்கும். 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது, விறகடுப்பை மறந்திருந்த வீடுகளும் மறுபடி அதை மூட்டின. புகைக்கூடே இல்லாத சின்னக் குசினிகளிலும் அடுப்பு எரிந்தது. அப்போது படிந்தது சில வீடுகளில் இன்னும் இருக்கிறது.

விறகடுப்பை இடித்துத் தள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒடியற் கூழ் விறகில் கொதித்தால்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் படுக்கையறைத் தலையணையில் பொச்சுப் புகை மணப்பதைச் சகித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஒழுங்காகச் செய்தால் இது போகக்கூடிய மணம்தான். பெரும்பாலானோர் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்து, காசையும் செலவழித்து, களைத்துப் போகிறார்கள்.

மணம் எங்கே இருக்கிறது

விறகுக்கு உறுதி கொடுப்பது லிக்னின் என்ற பொருள். அது சூட்டில் உடையும்போது குவாயக்கோல், சிரிங்கோல் போன்ற சேர்மங்கள் வரும். நாம் புகை மணம் என்று சொல்வதில் பெரும்பங்கு இவைதான். இவை கரித்தூளோடும் தாரோடும் சேர்ந்து மேலே எழும்பி, குளிர்ந்த இடம் கண்டதும் படிந்துவிடும். சுவர், சிலாகை, யன்னல் திரை, அலுமாரியின் பின்பலகை எதுவும் தப்பாது. படிந்தது எண்ணெய்த் தன்மையானது, வெறும் தண்ணீருக்கு அசையாது. சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருக்கும். மத்தியானத்தில் மணம் கூடுவது அதனால்தான். தேங்காய்ப் பொச்சில் லிக்னின் மிக அதிகம். பொச்சுமட்டையை எரிபொருளாக வைத்திருந்த குசினி மற்றவற்றைவிட மோசமாக மணப்பதற்கும் அதுவே காரணம்.

ஆகவே சாம்பிராணி போடுவது, ஊதுபத்தி கொளுத்துவது, வாசனைத் திரவம் அடிப்பது எல்லாம் வீண் வேலை. சாம்பிராணியும் புகைதான். வெள்ளிக்கிழமை சாமிக்குப் போடுங்கள், மணத்தை விரட்டப் போடவேண்டாம். படிந்த அந்தப் பூச்சை எடுத்தால்தான் மணம் போகும்.

எங்கெல்லாம் படிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வெள்ளைப் பருத்தித் துணி போதும். சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கதவு நிலையின் மேல் விளிம்பை ஒருமுறை அழுத்தித் துடையுங்கள். யாருடைய கண்ணிலும் கையிலும் படாத இடம் அது. துணியில் சாம்பல் நிறம் வந்தால் வெறும் தூசி. வெறுந்தேநீர் நிறத்தில், விரலில் கொஞ்சம் பிசுபிசுப்பாக வந்தால் அது புகைத் தார். குசினியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அறையாகப் போங்கள். எந்த அறையில் துணி சாம்பல் நிறமாக மட்டும் வருகிறதோ, அதற்கு இந்தப் பக்கம் உள்ளதெல்லாம் உங்கள் வேலை. அந்தப் பக்கத்துச் சுவர்களை விட்டுவிடலாம்.

அடுப்பும் புகைக்கூடும் முதலில்

மூலத்தை விட்டுவிட்டுச் சுவரைக் கழுவினால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அடுப்பிலும் புகட்டிலும் கிடக்கும் பழைய சாம்பலை முழுதாக அள்ளுங்கள். சாம்பலில் ஈரம் பட்டால் நெடி இரட்டிப்பாகும். நேற்று எரித்த அடுப்பென்றால் மூடியுள்ள தகர வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, மரச்சாமான்களுக்குத் தள்ளி வையுங்கள். சாம்பலுக்கடியில் தணல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். நன்றாக ஆறிய பிறகு வாழைக்குப் போடலாம், பொட்டாசியம் உள்ளது.

புகைக்கூடு இருந்தால் கீழேயிருந்து ரோச் அடித்துப் பாருங்கள். பூட்டிக் கிடந்த வீடுகளில் பறவைக் கூடு, காய்ந்த சருகு எல்லாம் அடைத்திருக்கும். உட்சுவரில் கரி 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு மேல் இருந்தால் துப்புரவாக்காமல் அடுப்பை மூட்டக் கூடாது, அந்தக் கரியே தீப்பிடிக்கும். சாக்குத் துண்டைப் பந்தாகக் கட்டி, நடுவில் ஒரு கல்லை வைத்து, இரண்டு பக்கமும் கயிறு விட்டு, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக இழுத்தால் பெரும்பகுதி கொட்டிவிடும். கூரையில் ஏறுவது பழக்கப்பட்டவர் வேலை. ஓட்டில் கால் வைக்கத் தெரியாதவர் ஏற வேண்டாம், கூலிக்கு ஆள் பிடியுங்கள்.

புகைக்கூட்டின் வாய் திறந்தபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நேராக உள்ளே இறங்கி, கரியில் ஊறி, கசிந்து வரும். ஆளில்லாத வீடுகளில் வரும் அந்தக் காரமான மணத்துக்கு இதுதான் முக்கிய காரணம். மேலே தகரத் தொப்பி ஒன்று போடச் சொல்லுங்கள், சுற்றிவரக் காற்றுப் போக இடைவெளி விட்டு. புகைக்கூடு கூரையைத் தாண்டிக் குறைந்தது 3 அடியாவது நிற்க வேண்டும், 10 அடிக்குள் உள்ள முகட்டைவிட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் காற்று அடிக்கும்போது புகை திரும்பிக் குசினிக்குள்ளேயே இறங்கும்.

காய்ந்தபடி தட்டி எடுத்தல்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கரித்தூள் இருக்கும் சுவரில் நேரே தண்ணீர் ஊற்றினால், தூள் கரைந்து சுவருக்குள் இறங்கிவிடும். பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் வராது.

குசினியில் உள்ள சட்டி பானை, போத்தல், அட்டாளையில் ஏற்றி வைத்த கடகம், பெட்டி எல்லாவற்றையும் முற்றத்துக்கு இறக்குங்கள். தண்ணீர்க் குடத்தையும் கிணற்றையும் மூடுங்கள். முகக்கவசம் போட்டு, தலைக்குத் துவாய் கட்டிக்கொண்டு, நீளத் தும்புத்தடியால் முகட்டிலிருந்து கீழே வாருங்கள். பனஞ்சிலாகைகளின் மேற்பக்கத்தில் ஒட்டறையும் கரியும் சேர்ந்து நூல் நூலாகத் தொங்கும். முழுவதையும் மெதுவாக இழுத்து எடுங்கள். அடித்துத் தட்டினால் அறை முழுக்கப் பறந்து மறுபடி படியும். விழுந்ததைக் கூட்டும் முன் நிலத்தில் ஈரமரத்தூள் தூவினால் தூள் எழும்பாது. ஈரச் சாக்கும் பரவாயில்லை.

கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் மேற்சொன்னது எதுவும் வேண்டாம். தும்புத்தடி, கம்பித் தூரிகை எதையும் அதில் வைக்காதீர்கள். உரசும்போது கிளம்பும் நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுப்பதோடு நிறுத்துங்கள். அப்படி ஒற்றியும் மணம் இருந்தால் கீழே சீலிங் அடிப்பதுதான் வழி.

கழுவுதல்

தாரில் அமிலத் தன்மையும் எண்ணெய்த் தன்மையும் உண்டு. அதை இளக்கக் காரம் வேண்டும். 10 லீற்றர் வாளிச் சூடுதண்ணீரில் அரைக் கோப்பை சலவைச் சோடாவும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் கரையுங்கள். கையுறை போடாமல் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும். அலுமினியச் சட்டியிலோ அலுமினிய யன்னல் சட்டத்திலோ படவிடாதீர்கள், கறுத்துப் போகும்.

சுவரைக் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக ஓடி, அந்தக் கோடு நிரந்தரமாக நிற்கும். பிறகு நல்ல தண்ணீரால் அலசும்போது மட்டும் மேலிருந்து கீழே. துடைக்கிற தண்ணீர் கறுத்ததும் மாற்றுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் முழுக் குசினியையும் முடிக்கப் பார்ப்பது அழுக்கை இடம் மாற்றுவதுதான்.

இங்கே நம் ஊருக்கென்று இரண்டு விடயம் இருக்கிறது. முதலாவது தண்ணீர். குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறுபவை, தண்ணீர் கடினமானது. கட்டிச் சவர்க்காரம் அதில் நுரைக்காமல் தயிர்போல் திரிந்து, கரியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரிலும் துணியிலும் ஒட்டும். ஆகையால் இந்த வேலைக்குக் கட்டிச் சவர்க்காரம் வேண்டாம், சலவைத்தூள் எடுங்கள். மேலே சொன்ன சோடா தண்ணீரின் கடினத்தையும் குறைக்கும். மழைநீர் சேர்த்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது வேறில்லை.

இரண்டாவது சுவர். பழைய கல்வீடுகளின் சுவர் சுண்ணாம்புச் சாந்து பூசியது. கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு வினாகிரியும் தேசிக்காய்ப் புளியும் கொண்டு துடைக்கிறார்கள். அமிலம் சுண்ணாம்பைத் தின்னும், பூச்சு மாவு மாவாகக் கொட்டும். சீமெந்து நிலமும் அப்படித்தான், பளபளப்புப் போய்விடும். வினாகிரி கண்ணாடிக்கும் டைல் பதித்த சுவருக்கும் சரி. அங்கேயும், கிணற்றுக்குப் போடும் குளோரினோடு அதை ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் வருவது நச்சு வாயு. பூட்டிய குளியலறையில் என்றால் ஆளையே விழுத்திவிடும்.

சுண்ணாம்புச் சுவரை ஊறவைக்காமல், பிழிந்த துணியால் துடைத்துத் துடைத்து எடுங்கள். எந்தச் சுவரானாலும் முதலில் கதவுக்குப் பின்னால் ஒரு சாண் இடத்தில் செய்து, காயவிட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தொடுங்கள்.

இந்த வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்தால் சுவர் நன்றாகக் காயும். மாரியில் கழுவிய சுவர் காயாமல் பூஞ்சணம் பிடித்து, புகை மணத்தோடு பூஞ்சண மணமும் சேரும்.

துணிமணி, மெத்தை, புத்தகம்

பருத்தித் துணிகளை முதலில் கொடியில் போட்டு உதறி வெயில் காட்டுங்கள். பிறகு சலவைத்தூளும் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவும் கலந்த தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்துத் தோயுங்கள். காய்ந்தபின் முகர்ந்து பாருங்கள். மணம் மிச்சம் இருக்கும் துணிக்கு இஸ்திரிக்கை போட வேண்டாம், மறுபடி தோய்க்க வேண்டும்.

கூறைச்சேலையையும் மற்றப் பட்டுகளையும் இந்தத் தண்ணீருக்குள் விட்டுவிடாதீர்கள். காரம் பட்டு நூலை அரித்துவிடும். நேர்வெயிலும் நிறத்தை எடுத்துவிடும். நிழலில், காற்றோட்டமான திண்ணையில், மடிப்பைப் பிரித்து, மடிப்பு மாற்றி மாற்றிச் சில நாட்கள் போட்டு எடுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். போதாவிட்டால் உலர்சலவைக்குக் கொடுங்கள்.

இலவம்பஞ்சு மெத்தையைக் காப்பாற்றலாம். உறையைப் பிரித்துத் தோய்த்து, பஞ்சை வெயிலில் உலர்த்தி மறுபடி அடைக்கலாம். ஃபோம் மெத்தை வேறு கதை. அதன் நுண்ணிய துளைகளுக்குள் போன தார் வெளியே வராது. மேலே அப்பச்சோடா தூவி இரவு முழுக்க விட்டு உதறிப் பாருங்கள். அப்பச்சோடா புகையின் புளித்த அமில நெடியைத்தான் எடுக்கும், தார் மணத்தை எடுக்காது. மணம் அப்படியே இருந்தால் மெத்தையை மாற்றிவிடுவது நல்லது, பாரமான முடிவுதான் என்றாலும். குழந்தையோ முட்டு வருத்தக்காரரோ படுக்கும் மெத்தை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

பழைய புத்தகம், படம், சாதகக் குறிப்பு போன்றவற்றில் ஈரம் படக் கூடாது. மென்மையான தூரிகையால் அட்டையைத் தட்டி, மூடியுள்ள பெட்டியில் அடுக்கி, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நொறுக்கிய சிரட்டைக்கரியை வைத்து மூடுங்கள். கரி மணத்தை உறிஞ்சும், ஆனால் வீட்டுக் கரிக்கு அந்தச் சக்தி குறைவு. அதே சிரட்டைக்கரியை உயர் சூட்டில் நீராவி செலுத்திப் பதப்படுத்தினால் அதற்குள் கோடானுகோடி நுண்துளைகள் உண்டாகும். அதுதான் செயலூட்டிய கரி, இலங்கையே அதை உலகத்துக்கு ஏற்றுமதி செய்கிறது. கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வீட்டுக்கரியை நிறையப் போட்டு, கிழமைக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்து மாற்றுங்கள். கரித்தூள் புத்தகத்தில் படாமல் துணியில் முடிந்து வைக்க வேண்டும்.

வெளிநாட்டு உறவினர் ஓசோன் இயந்திரம் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மணத்தை அழிக்கும் அளவு ஓசோன் மூச்சுக்குழாயையும் சுடும்.

வெள்ளையடிப்பு கடைசியில்தான்

கழுவாத சுவருக்கு மேல் வெள்ளை அடித்தால் சில கிழமையில் மஞ்சள் மஞ்சளாகக் கசிந்து வெளியே வரும், மணமும் கூடவே வரும். தார், தண்ணீர்ப் பெயின்றுக்குள் ஊறி மேலே வந்துவிடும். கழுவிக் காய்ந்தபின்னும் கறை தெரியும் சீமெந்துச் சுவருக்கும் சீலிங் பலகைக்கும் எண்ணெய் அடிப்படையிலான அல்லது அரக்கு அடிப்படையிலான அடிப்பூச்சு ஒன்று முதலில் போடுங்கள். தச்சர்கள் பொலிஷ் போடப் பயன்படுத்தும் அதே அரக்குத்தான், தாரை உள்ளேயே பூட்டி வைக்கும்.

சுண்ணாம்புச் சுவருக்கு இதைப் போடக் கூடாது. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சைத் தள்ளிக்கொண்டு உரிந்து விழும். அதற்குச் சுண்ணாம்புதான், மெல்லிசாக இரண்டு மூன்று தரம், ஒவ்வொன்றும் காய்ந்தபின். வாடகை வீடென்றால் தூரிகை எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனியும் விறகில் சமைப்பவர்களுக்கு

மறுபடி படியாமல் வைத்திருப்பது காய்ந்த விறகின் கையில் இருக்கிறது. ஈர விறகு எரியாது, புழுங்கும். அந்தப் புழுக்கத்தில்தான் தார் அதிகம் கிளம்பும். ஈரப்பதன் 20 வீதத்துக்குக் குறைந்த விறகுதான் சுத்தமாக எரியும். அதை அளக்கக் கருவி வேண்டாம். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று சத்தம் போடும், ஈரமானது மொத்தென்று அடங்கும். அடுப்பில் வைத்தபின் மறுமுனையில் நுரை தள்ளினால் அதை வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள். வேலி அடைக்கும்போது வெட்டின கிளுவங்கதியாலை அடுத்த நாளே அடுப்புக்குள் வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. குறைந்தது ஆறு மாதமாவது மழை படாமல், நிலத்தில் படாமல் அடுக்கி வைக்க வேண்டும். பனம்மட்டையும் பாளையும் நன்றாகக் காய்ந்தால் நல்லவை. ஊமல் கரி கிடைக்கும் வீட்டுக்குப் புகைப் பிரச்சினை பாதிதான்.

சொப்பின் பையைக் கொளுத்தி அடுப்பு மூட்டும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். அந்த மணம் விறகு மணத்தைவிடப் பிடிவாதமானது, அந்தப் புகை நஞ்சு. காவோலையில் நெருப்பேற்றி அதைப் புகைக்கூட்டின் வாயருகே கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள். கூடு சூடானால் புகையை மேலே இழுக்கும், குளிர்ந்த கூட்டில் அது அப்படியே திரும்பும். புது அடுப்பு வைப்பவர்கள் 1980களில் இலங்கையில் வடிவமைத்த அனகி அடுப்பைப் பாருங்கள். ஒரே துண்டாகச் சுட்ட, இரண்டு சட்டி வைக்கும் மண்ணடுப்பு. விறகும் புகையும் குறையும்.

காற்றையும் கவனிக்க வேண்டும். தென்கிழக்கு மூலையில், அக்கினி மூலை பார்த்துக் கட்டிய குசினிகளில் சோளகக் காலத்தில் புகை பெரும்பாலும் வளவைத் தாண்டி வெளியே போய்விடும். வாடைக்காற்று தொடங்கியதும் அதே புகை வீட்டுப் பக்கம் திரும்பும். அந்த மாதங்களில் அடுப்பு எரியும்போது குசினிக்கும் வீட்டுக்கும் இடையிலான கதவைச் சாத்தி வையுங்கள். குசினி யன்னலில் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைத்தால் புகையை இழுத்துத் தள்ளும்.

மணம் போனதென்று காற்று சுத்தமாகிவிட்டதாக எண்ணக் கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. பூட்டிய அறையில் கரிச்சட்டி வைப்பது, குளிருக்குத் தணல் வைத்துப் படுப்பது, பிள்ளை பெற்ற வீட்டில் அறையைச் சாத்திப் புகை போடுவது, எதையும் செய்ய வேண்டாம். 2020இல் வீட்டுக்குள் எரிபொருள் எரித்த புகையால் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அடுப்பங்கரையில் அதிக நேரம் நிற்பது நம் அம்மாமாரும், அவர்களின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளும்தான்.

எல்லாம் செய்தும் ஓர் அறையில் மட்டும் மணம் நின்றால், அந்த அறையை இரவு முழுக்கப் பூட்டி வைத்துக் காலையில் திறந்தவுடன் மூக்கை நம்பிப் போங்கள். அநேகமாக அலுமாரியின் பின்பலகையிலோ லாச்சியின் அடிப்பலகையிலோ போய் நிற்பீர்கள். பொலிஷ் படாத வெறும் மரம் தாரைக் குடித்திருக்கும். பலகையைக் கழற்றி, மெல்லிய உப்புத்தாளால் உரசி, வெயிலில் காயவைத்து, இரண்டு பக்கமும் அரக்குப் பூசி மறுபடி அடியுங்கள். பூச்சி அரித்த பலகை என்றால் புதிதாக ஒன்றை வெட்டிப் போடச் சொல்லுங்கள்.